காதில் குச்சியோடே போ அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை, லாரி வந்துவிட்டது. என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்ப நம்மிடம் மூன்றரை லட்சம் வாங்கின ஏஜென்ட் மாடி கட்டிவிட்டான், மாதா தேருக்கு முதல் ஆளாக நன்கொடை எழுதுகிறான், வட்டி கட்டுகிற நாம் ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டு கிடக்கிறோம், ஆண்டவர் எதைத்தான் பார்க்கிறார், இந்த வருஷம் திருவிழாவுக்கே போகமாட்டேன் என்றாய். இரண்டு வருஷமாக நானும் இங்கே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் அம்மா.

இங்கேயும் ஒருத்தன் இருக்கிறான், எங்கள் சூப்பர்வைசர். வேலை பர்மிட் புதுப்பிக்கிற மாதம் வந்தால் ஒவ்வொருத்தனிடமும் தனியாகக் காசு வாங்குவான். வேலைக்காகத் தொழிலாளியிடம் காசு வாங்குவது சிங்கப்பூரில் குற்றம், எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவானோ என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவனுக்கு ஒரு தலைவலி வந்துகூட நான் பார்த்ததில்லை. நான் நாளுக்கு 22 சிங்கப்பூர் வெள்ளிக்கு வெயிலில் கம்பி கட்டுகிறேன், விடியற்காலையில் கட்டிக் கொடுக்கிற சோற்றுப் பொட்டலத்தை மதியம் பிரித்தால் சாம்பார் நுரைத்திருக்கும்.

சரி, உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் சமயத்தில் அவன் என்னைக் கூப்பிட்டு, ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கொடு, தலைக்கு 300 வெள்ளி உனக்கு என்றான். நான் ஒத்துக்கொண்டேன். மேலத்தெரு அத்தை மகன் பெயரைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி அவன் வாய்ஸ் அனுப்பினான், "அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்துட்டாங்கண்ணே, திங்கட்கிழமை அடகு வைக்கிறோம்" என்று. என் பணத்துக்காக நீ தோடு கழற்றின அன்று காது தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சி செருகிக்கொண்டாயே, அதுதான் கண்ணில் நின்றது. தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்குப் போனேன். 1888-இல் தமிழர்களுக்காகக் கட்டி முடித்த கோயில் அம்மா, நமக்கு முன்னால் கப்பலில் வந்தவர்கள் முழங்கால் போட்ட இடம். அங்கே உட்கார்ந்து பைபிளில் திருப்பாடல் 73-ஐ எடுத்துப் படித்தேன். கெட்டவர்கள் கொழுத்துத் திரிவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, தான் சுத்தமாக இருந்ததெல்லாம் வீண்தானோ என்று அதைப் பாடின ஆசாபும் நம்மைப்போலத்தான் புலம்புகிறார். கோயிலுக்குள் போன பிறகுதான் அவர்கள் முடிவு அவருக்குப் புரிந்ததாம். ஆனால் எனக்குத் தைத்தது அது இல்லை. உம் முன்னால் நான் மிருகம் மாதிரி இருந்தேன், அப்படியும் என் வலக்கையைப் பிடித்திருக்கிறீர் என்கிறார் பார், அந்த இடத்தில் என் கையைப் பார்த்தேன். கட்டுக்கம்பி கீறின கை, அந்தப் பையன் பெயரை எழுதின கை. அழுதுவிட்டேன். நான் சூப்பர்வைசரைப் பார்த்து வயிறெரிந்தது நியாயத்துக்காக இல்லை, அவன் இடத்துக்கு ஆசைப்பட்டுத்தான்.

அன்றைக்கே அத்தைக்குப் போன் போட்டு, தோட்டை அடகு வைக்காதீர்கள், யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள் என்றேன். சூப்பர்வைசரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்கு ஓவர்டைம் இல்லை, இந்த மாதம் பணம் குறைவாகத்தான் வரும், பொறுத்துக்கொள். அவன் நன்றாகத்தான் இருக்கிறான், ஊரில் புதிதாக மனை வாங்கியிருக்கிறானாம். மனிதவள அமைச்சில் போய்ச் சொல்வதென்று நாங்கள் நான்கு பேர் பேசி வைத்திருக்கிறோம், செபித்துக்கொள்.

அப்புறம் அம்மா, திருவிழாவுக்குப் போ. அந்த ஏஜென்ட் முன்னால் நின்றால் நிற்கட்டும். காதில் குச்சியோடே போய்த் தேருக்குப் பக்கத்தில் நில், எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

உன் மகன்