கேப்டன்கள் கவிழ்த்த ஆட்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பியப் பேரரசுகள் பற்றிய உங்கள் கட்டுரையில் போர்ச்சுகல் ஒரே வரியில் முடிந்துவிட்டது வருத்தமாக இருந்தது. 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயுட்டாவைப் பிடித்ததில் தொடங்கி, 1999-இல் மக்காவு நகரைச் சீனாவிடம் ஒப்படைத்தது வரை நீண்ட பேரரசு அது.

அதைவிட முக்கியம், அது முடிந்த விதம். 1932 முதல் 1968 வரை பிரதமராக இருந்த சர்வாதிகாரி சலாசார், காலனிகளுக்குக் 'கடல் கடந்த மாகாணங்கள்' என்று பெயர் சூட்டி, விடவே மறுத்தார். 1961-இல் கோவா கைவிட்டுப் போனது. அதே ஆண்டு ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலாவில் மூண்ட விடுதலைப் போர், கினியா-பிசாவ், மொசாம்பிக் என்று பரவி 13 ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் அந்தப் போரில் சலித்துப்போன, கேப்டன்கள் போன்ற இளநிலை ராணுவ அதிகாரிகளே 1974 ஏப்ரல் 25 அன்று தலைநகர் லிஸ்பனில், சலாசார் விட்டுச்சென்ற ஆட்சியைக் கவிழ்த்தார்கள். சிப்பாய்களின் துப்பாக்கிக் குழல்களில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள்.

சரி, ராணுவம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதா? இல்லை. சரியாக ஓராண்டில் தேர்தல். 90 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. 1976-இல் புதிய அரசியலமைப்பு. இன்று 230 உறுப்பினர்களுடன் ஒரே அவை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபருக்கு அதைக் கலைக்கும் அதிகாரமும் உண்டு. இதைப் பற்றித் தனிக்கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மதுரை