செயலாளரின் ஆண்டறிக்கை: லாரி இட்லியாங் நாளும் பிற பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

கலிபோர்னியாவின் டெலானோவில் நம் பிலிப்பினோ சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஆண்டும் அக்டோபர் 25க்கே போயிற்று. 2015ஆம் ஆண்டின் கலிபோர்னியச் சட்டப்படி அது லாரி இட்லியாங் நாள். இங்கே திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய பிலிப்பினோ தொழிற்சங்கத் தலைவர் அவர். அவர் பிறந்த நாளும் அதுவே. ஆளுநர் பிரகடனம் வெளியிடுவார், பள்ளிகளில் நினைவுகூரலாம். சம்பளத்துடன் விடுமுறை மட்டும் இல்லை. அக்டோபரில் நம் ஊரில் திராட்சை அறுவடை ஓய்ந்திருக்காது. பண்ணைத் தொழிலாளரைப் போற்றும் நாளில் அவர்களே வரமுடியாத கூட்டத்தை நடத்துவானேன் என்று செயற்குழு காலை நிகழ்ச்சியை மாலைக்கு மாற்றியது. பேச்சாளர் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் தோட்டத்திலிருந்து நேராக வந்தவர்கள் பின்வரிசைகளை நிரப்பினார்கள். இனி மாலைதான்.

மேடையில் யார் படத்தை வைப்பது என்ற வாக்குவாதத்தையும் பதிவு செய்கிறேன். இட்லியாங் படம் மட்டும் போதும் என்றது ஒரு தரப்பு. 1965 செப்டம்பர் 7 அன்று பிலிப்பினோ சமூகக் கூடத்தில் வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கியது ஓர் ஆள் அல்ல என்றது மற்றது. கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் திராட்சை பறிக்க மணிக்கு 1.40 டாலர் கூலி கிடைத்தது, இங்கே பண்ணை முதலாளிகள் அதை மறுத்தார்கள். வாக்களித்த மறுநாளே பிலிப்பினோ தொழிலாளர் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். மெக்சிகோ வம்சாவளித் தலைவர் சேசர் சாவேஸின் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் சேர முடிவெடுத்தது செப்டம்பர் 16இல்தான். இந்த வரிசையை எத்தனையோ பேர் தலைகீழாகச் சொல்லிக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியில் அந்த வேலைநிறுத்தத்தின் மற்ற பிலிப்பினோ தலைவர்களான ஃபிலிப் வேரா குரூஸ், பீட் வெலாஸ்கோ படங்களும் ஏறின. அதுவே சரி என்பது என் கருத்து.

மாணவர்களை அக்பயானி கிராமத்துக்கு அழைத்துச் சென்றோம். ஓய்வுபெற்ற பிலிப்பினோ தொழிலாளருக்காக 1974இல் திறக்கப்பட்ட குடியிருப்பு அது. அந்த மூத்த தொழிலாளரை அண்ணன் என்ற பொருளில் ‘மனோங்’ என்பார்கள். “அந்த மனோங்குகளுக்கு ஏன் பேரப்பிள்ளைகள் இல்லை?” என்று ஒரு சிறுமி கேட்டாள். பிலிப்பினோக்கள் வெள்ளையரை மணக்க இம்மாநிலச் சட்டம் 1948 வரை தடை போட்டிருந்தது, பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெண்களோ மிகச் சிலர் என்று விளக்கினோம். பஸ்ஸில் திரும்பும்போதும் கேள்விகள் ஓயவில்லை. எந்த மேடைப் பேச்சும் இவ்வளவு பயன் தந்ததில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கக் கட்டடத்தின் கூரை ஒழுக்கு இன்னும் சரிசெய்யப்படவில்லை. மழைக்கு முன் முடிக்க நன்கொடை தேவை.

அக்டோபர் 25ஐச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக்கக் கோரும் தீர்மானத்தை இணைத்துள்ளேன். அதையும் இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்