சயின்ஸ் புத்தகம் எங்கே என்று கேட்டாய்

கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். நாலு நிமிஷம் பேசியிருக்கிறாய், பாதி கோபம், பாதி பயம். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பேசுவேன், கடைசியில் ஆளுக்கொரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்துவிடுவோம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே ஜெர்மனியில், ஹாம்பர்க் ரயிலில் இடம் கிடைக்கிற அன்றைக்கு நிதானமாகப் படி.

நீ கேட்டது இதுதான். இங்கே தில்லியில் எங்களோடு இருக்கிற உன் மகளின் ரிப்போர்ட் கார்டில் மார்க் இல்லை, ரேங்க் இல்லை. புத்தகம் என்று பார்த்தால் மூன்றே மூன்று: இந்திக்குச் சாரங்கி, இங்கிலீஷுக்கு மிருதங், கணக்குக்கு ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ். சயின்ஸ் எங்கே, சோஷியல் எங்கே, ஏழு வயசுப் பிள்ளை இரண்டாம் வகுப்பில் என்னதான் படிக்கிறாள், பக்கத்து பிளாக் டியூஷனில் சேர்த்துவிடலாமா?

முதலில் மார்க். அது பள்ளிக்கூடத்தின் சோம்பேறித்தனம் என்று நினைக்காதே. 2020-ல் வந்த கல்விக் கொள்கை மூன்று வயசிலிருந்து எட்டு வயசு வரைக்கும் ஒரே கட்டமாக வைத்திருக்கிறது, ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அதற்குள் வந்துவிடும். 2022 அக்டோபரில் அந்தக் கட்டத்துக்கென்றே, எதை எப்படிச் சொல்லித் தர வேண்டும் என்று ஒரு பாடத்திட்டச் சட்டகம் வந்தது, இந்த வயசுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை பொருந்தவே பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. டீச்சர் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். உன் மகள் கார்டில் "கதையைத் தன் சொந்த வார்த்தையில் சொல்கிறாள், நடுவில் நிறுத்தி ஏன் என்று கேட்கிறாள்" என்று ஒரு வரி இருந்ததே, படித்தாயா? நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அதைக் கவனித்து எழுதியிருக்கிறாள் அந்த டீச்சர். முப்பத்தொரு வருஷம் ஒன்றாம் இரண்டாம் வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன், 96 என்று மார்க் போட்டுவிட்டுப் போவது ரொம்பச் சுலபம்.

புத்தகம் மூன்றுதான் என்பதில் நம்மூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம்தான் ஒன்று இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவு போட்டது. அதை ஒட்டித்தான் அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: அந்த வகுப்புகளுக்கு மொழியும் கணக்கும் போதும், பையின் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. (இவள் பையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் பாட்டிலோடு 2 கிலோ 300. அடுத்த பேரண்ட்ஸ் டீச்சர் மீட்டிங்கில் இதைக் கேட்காமல் விடமாட்டேன்.) நீ கேட்கிற சயின்ஸும் சோஷியலும் சேர்ந்த சூழ்நிலையியலுக்குத் தனிப் புத்தகம் மூன்றாம் வகுப்பில்தான் வரும். அதுவரைக்கும் அது மொழிக்குள்ளும் கணக்குக்குள்ளும் கலந்து கிடக்கும்.

கலந்து கிடக்கும் என்றால் எப்படி என்று கேட்பாய். ஜனவரி லீவில் ஒரு மத்தியானம் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

தள்ளுவண்டியில் பட்டாணி மலிவாக வந்தது என்று தாத்தா இரண்டு கிலோ வாங்கி வந்துவிட்டார். காலையெல்லாம் பனிமூட்டம், எதிர் பிளாக்கே தெரியவில்லை, பதினோரு மணிக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது. ஹாலில் ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து உரித்தோம். உன் மகள் காயைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே எத்தனை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பிளக்கிறாள். ஏழு என்பாள், எட்டு இருக்கும். ஒன்பது என்பாள், ஆறும் மூன்று சொத்தையும் இருக்கும், சொத்தையை எண்ணலாமா கூடாதா என்று தாத்தாவோடு சண்டை. பத்துக் காய் போனதும் அவள் ஊகம் கிட்டே வர ஆரம்பித்தது, தடவிப் பார்த்தே சொல்கிறாள். அப்புறம் பிளந்த காயை என் மூக்குக்கு நேராக நீட்டி, "பாட்டி, எல்லாப் பட்டாணியும் ஒரே பக்கமா ஒட்டிட்டு இருக்கு, பாரு, குட்டிக் குட்டிக் காம்பு" என்றாள். எத்தனை வருஷமாகப் பட்டாணி உரிக்கிறேன், அந்தக் காம்பை நான் நின்று பார்த்ததே இல்லை. அது வழியாகத்தான் செடி அதற்குச் சாப்பாடு அனுப்புகிறது என்றேன். "அப்போ அம்மா வயித்துல எனக்கு இருந்த மாதிரி" என்று சட்டையைத் தூக்கித் தொப்புளைப் பார்த்துக்கொண்டாள். இதைவிடப் பெரிய சயின்ஸ் வகுப்பு எந்த டியூஷனில் நடக்கும், சொல்.

பதினைந்து காயில் இருந்ததைப் பத்துப் பத்தாகக் கிண்ணங்களில் போட்டாள். பத்துக் கிண்ணம் நிரம்பி நாலு மிஞ்சியது. எத்தனை என்றேன், டக்கென்று நூற்றி நாலு என்றாள். சிலேட்டில் எழுது என்றேன், 1004 என்று எழுதினாள்.

நீ இங்கே இருந்திருந்தால் பதறியிருப்பாய். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் அந்தத் தப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. நூறு என்று கேட்டது, 100 எழுதினாள். நாலு என்று கேட்டது, பக்கத்தில் 4 எழுதினாள். காதில் விழுந்த வரிசையிலேயே கை போயிருக்கிறது, அவ்வளவுதான். பழைய தினசரி காலண்டர் அட்டையை வெட்டி, நீளமான துண்டில் 100, அதைவிடக் குட்டையில் 20, சின்னத் துண்டில் 4, 7 என்று எழுதிக் கொடுத்தேன். 100-க்கு மேலே வலது ஓரத்தில் 4-ஐ வை என்றேன். கடைசிப் பூஜ்யம் மறைந்து 104 ஆனது. அட்டையைத் தூக்கிப் பார்த்தாள், பூஜ்யம் அங்கேயே இருக்கிறது. மூடினாள், திறந்தாள், மூடினாள். "ஜீரோ உள்ளே ஒளிஞ்சிருக்கு" என்று தாத்தாவை எழுப்பிக் காட்டினாள். அப்புறம் நான் கேட்காமலே 100, 20, 7 மூன்றையும் அடுக்கி 127 செய்தாள். இடமதிப்பு என்று நாங்கள் வகுப்பில் சொல்கிற சமாசாரம் இதுதான், பிள்ளைக்கு அந்தப் பெயர் இப்போது தேவையில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தில்லியில் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு எண்ணில் ஒரு கூடுதல் பாரம் இருக்கிறது. இந்தியில் 59 என்பதற்கு உன்சட், 69 உன்ஹத்தர். ஐம்பது என்கிற பேச்சே உன்சட்டில் இல்லை, அறுபதைச் சொல்லி அதற்கு ஒன்று குறைவு என்கிறது. டீச்சர் உன்சட் என்றால் உன் மகள் 69 எழுதுகிறாள், காதில் 'சாட்', அதாவது அறுபது, விழுகிறதே! நாம் ஐம்பத்தொன்பது என்கிறோம், ஐம்பதும் ஒன்பதும் தனித்தனியாகத் தெரிகிறது. அதனால் நான் வீட்டில் முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன், எழுதச் சொல்கிறேன், அப்புறம் அதற்கு இந்திப் பெயர் என்ன என்று பார்க்கிறோம். இரண்டு வாரத்தில் நல்ல மாற்றம். ஆனால் நம்மிடமும் ஒரு முடிச்சு இருக்கிறது, அதையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள்: எண்பதுக்கு அப்புறம் ஏன் தொண்ணூறு, அதில் ஏன் நூறு வருகிறது? பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பேர் உண்டு என்று சொன்னேன். அன்றைக்கு முழுக்க ஆறு, ஏழு, எட்டு, தொண்டு என்று எண்ணிக்கொண்டு வீட்டைச் சுற்றினாள்.

இதை எழுதும்போது உன்னை நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்காது. ஒன்றாம் வகுப்பில் உன்னை 1 முதல் 100 வரை எழுதச் சொன்னேன். நீ 11-க்கு வந்ததும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று மேலிருந்து கீழே வரிசையாக இறக்கிவிட்டு, அப்புறம் மேலே போய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 1, 2, 3 என்று நிரப்பிக்கொண்டு வந்தாய். ஏமாற்றுகிறாய் என்று கத்தி, நோட்டைக் கிழித்து, பத்துத் தடவை எழுத வைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளிடம் காட்டிய பொறுமையை உன்னிடம் காட்டவில்லை. எண்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஐந்தரை வயதில் நீயாகவே கண்டுபிடித்திருந்தாய், அதை நான் கிழித்துப் போட்டேன். பின்னாளில் வகுப்பில் வேறு பிள்ளைகள் அப்படி எழுதும்போதெல்லாம் உன் முகம்தான் வரும். மன்னித்துக்கொள், கண்ணு. டியூஷன் வேண்டாம் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. சின்ன வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று மத்திய அரசு நிபுண் பாரத் என்று ஒரு திட்டத்தை 2021-ல் தொடங்கியதே, அதில் இரண்டாம் வகுப்பு முடிக்கும்போது பொருள் புரிந்து நிமிஷத்துக்கு 45 முதல் 60 வார்த்தை வாசிக்க வேண்டும் என்று இலக்கு. இந்தியில் அவள் அதை எட்டிவிட்டாள். ஆனால் 'பொருள் புரிந்து' என்கிற பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு பிள்ளையை ஓட வைக்கிறார்கள். அவள் ஒரு பக்கம் வாசித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பையன் ஏன் அழுதான் என்று மட்டும் கேட்கிறேன். சில நாள் பளிச்சென்று சொல்கிறாள், சில நாள் விழிக்கிறாள். விழித்தால் திரும்ப மெதுவாக வாசிக்கிறோம், அவ்வளவுதான். விழுப்புரத்தில் உன் பெரியம்மா பேரனுக்கு தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, எந்த வகுப்பு என்பதைவிடப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அந்த முறை ரொம்பப் பிடித்திருக்கிறது.

தமிழ் எழுத்துக்கு நான்தான் டீச்சர். இந்தியில் நாலு 'க' பழகினவள், 'பகல்' என்று எழுதியதைக் காட்டி, "இது எந்த க, பாட்டி?" என்கிறாள். தமிழில் ஒன்றுதான், அது நிற்கிற இடத்தைப் பார்த்து வாய் மாறிக்கொள்ளும் என்று கடல், பகல், தங்கம் மூன்றையும் சொல்லச் சொன்னேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். பொங்கலன்று வாசலில் ஏழு புள்ளிக் கோலம் அவளே போட்டாள், ஒரு பக்கம் இழுத்ததையே மறுபக்கமும் இழுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. போட்டோ தனியாக அனுப்புகிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஹாலில் அந்த ஜன்னல் வெயில் எதுவரை வருகிறது என்று லீவின் முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சாக்பீஸால் கோடு போட்டாள். பாய் போட்ட இடத்துக்கு வெயில் திரும்ப வருமா என்று பார்க்கத்தான் போட்டது. அடுத்த ஞாயிறு கோடு கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் நகர்ந்தது. இன்றைக்கு ஐந்தாவது கோடு. முதல் கோட்டுக்கும் இதற்கும் நடுவில் அவள் சாணுக்கு மூன்றரை, தாத்தா சாணுக்கு இரண்டு. "ஒரே இடம்தானே, எப்படி ரெண்டு நம்பர் வரும், தாத்தா தப்பா அளக்கிறார்" என்று ஒரே ரகளை. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவளே ஓடிப் போய் உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்தாள். வெயில் ஏன் பின்வாங்குகிறது என்பதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சூரியன் மேலே ஏறுகிறதா, நம் வீடு நகர்கிறதா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள், யோசிக்கட்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எந்தப் பாடம் முடிந்தது, டேபிள்ஸ் எதுவரை தெரியும் என்று ஆரம்பிக்காதே. அவளுக்கு முகம் சுருங்கிவிடுகிறது, அப்புறம் போனை என்னிடம் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறாள். கோட்டைக் காட்டச் சொல். உன் அறை ஜன்னலும் தெற்குப் பார்த்தது என்றாய் அல்லவா, வெயில் வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னுடைய பன்னிரண்டு மணிக்கு அது தரையில் எதுவரை வருகிறது என்று நீயும் ஒரு கோடு போடு. அங்கே சூரியன் இன்னும் தாழ்வாகப் போவதால் அறைக்குள் ரொம்ப தூரம் வந்திருக்கும். சாணால் அளந்து, கையையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா கை எவ்வளவு பெரிசு என்று நேற்றுகூட என்னிடம் கேட்டாள்.

அந்த நேரம் இங்கே நாலரை மணி. மாப்பிள்ளையும் கடைக்குப் போய்விட்டு வந்துவிடுவார், எல்லோரும் இருப்போம்.

பட்டாணியில் பாதியை ஃப்ரீசரில் போட்டு வைத்திருக்கிறேன். ஐந்தாறைப் பஞ்சில் நனைத்து வைத்திருந்தாள், உரித்த பச்சைப் பட்டாணி என்பதால் அழுகிவிட்டது, ஒரே அழுகை. இப்போது கடையில் வாங்கிய காய்ந்த பட்டாணியில் வைத்திருக்கிறோம், இன்று காலை ஒன்றில் வெள்ளையாக முனை தெரிகிறது. இது ஏன் முளைத்தது, அது ஏன் அழுகியது என்று உன்னிடம்தான் கேட்கப் போகிறாளாம். யோசித்து வை.

அம்மா
மயூர் விஹார், தில்லி