சித்திக்கு, கேம் வெளியாகும் முன்

அன்புள்ள சித்தி,

அடுத்த வெள்ளிக்கிழமை கேம், கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியாகிறது. தம்பியின் நினைவு நாளும் அதே வாரம்தான். வேண்டுமென்றே வைத்த தேதியா என்று கேட்பீர்கள். ஆமாம்.

அவனைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. சபை வாட்ஸ்அப் குரூப்பில் இந்த லிங்க் சுற்றும் என்று தெரியும், அதனால் சில பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு லிங்கராஜபுரம் வீட்டு மொட்டை மாடியில் பிரியாணிப் பந்தி. நான் தயிர் பச்சடி வாளியோடு நின்றேன். ஊருக்குப் புதிதான ஒரு அம்மா உங்களிடம், "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். "ரெண்டு" என்றீர்கள். பக்கத்து இலைப் பெரியவர் தலையைக்கூடத் தூக்காமல், "ஒண்ணுன்னு சொல்லும்மா. கர்த்தர்தான் திரும்பக் கொடுத்துட்டாரே" என்றார். எலும்பை இலையோரம் ஒதுக்கிக்கொண்டே நீங்களும் "ஒண்ணு" என்றீர்கள். அவர் என்னிடம் பச்சடி கேட்டார். ஊற்றினேன்.

கேம் முழுக்க அந்தக் கேள்விதான். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து, பிறகு கர்த்தரிடம் திரும்பப் பெற்ற யோபுவின் கதையை ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொன்னதே நீங்கள்தான். ஆடு 7,000 போய் 14,000 வந்தது, ஒட்டகம் 3,000 போய் 6,000. பிள்ளைகள் மட்டும் பத்துப் போய் பத்துதான். பிறகு பிறந்த மூன்று பெண்களுக்குப் பெயர் இருக்கிறது. வீடு விழுந்து செத்த பத்துப் பேரில் ஒருவருக்கும் இல்லை. பெற்றவளுக்கும் இல்லை. கடைசி அதிகாரத்தில் அவள் பேச்சே கிடையாது. என் கேமில் ஆடுபவர் அவள்தான். மந்தையை எண்ண வேண்டும், பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். எல்லாம் திரும்பி வந்தபின் கணக்கெடுப்பவன் ஒருவன் வந்து பிள்ளைகள் எத்தனை என்பான். பத்து என்றும் சொல்லலாம், இருபது என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் புள்ளியும் இல்லை, தண்டனையும் இல்லை.

"தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்" என்று அவள் சொல்வது வேதத்தில் உள்ளபடியே இருக்கிறது, நான் ஒன்றும் சேர்க்கவில்லை. மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவை வக்கீல் நண்பர் ஒருவர் உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். யாரையும் புண்படுத்தும் நோக்கம் எனக்கில்லை. (இந்த வரி உங்களுக்கு அல்ல, சித்தி.)

உங்களைக் கேட்காமல் செய்ததற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் நிறுத்தியிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஒரு தம்பதி, நல்ல விசுவாசிகள், புற்றுநோயில் போன மகனைப் பற்றி 2016-ல் 'தட் டிராகன், கேன்சர்' என்று ஒரு கேமே கொண்டுவந்தார்கள். அதில் ஜெபமும் இருக்கிறது. ஆனால் அவர்கள் பெற்றவர்கள். நான் யார்?

போன உபவாசக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, என் பெயரைச் சொல்லி, "பிசாசின் கட்டிலிருந்து விடுவியும் ஆண்டவரே" என்று ஜெபித்தீர்களே. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்காக அத்தனை சத்தமாகப் பேசத் தெரிந்த உங்களுக்கு, அன்று அந்தப் பெரியவரிடம் "ரெண்டுதான்" என்று இன்னொரு தரம் சொல்ல வாய் வரவில்லையா?

மூட்டு வலிக்கு அந்தத் தைலத்தை நிறுத்திவிடாதீர்கள். தீர்ந்தால் சொல்லுங்கள், வாங்கி வருகிறேன்.

கேம் சித்தப்பா லேப்டாப்பிலேயே ஓடும், தமிழில்தான் இருக்கிறது. கேம் செய்யும் மென்பொருளான கோடோவில் 4-ஆம் பதிப்பு வந்தபின் எழுத்துகளின் கொம்பும் காலும் உடையாமல் வருகின்றன. பாப்பாவுக்கு இப்போது காட்ட வேண்டாம். கணக்கெடுப்பவனிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். அந்தப் பதிலை மட்டும் கேம் எங்கும் சேமிப்பதில்லை.

உங்கள் அக்கா மகன்