ஒகசவாரா பயணம்: அந்தக் கறிவேப்பிலைக் கன்றை ஏன் கப்பலில் ஏற்றவில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற பயணத்தன்று டோக்கியோவின் டகேஷிபா துறையில் நடந்ததை நம் குழுவில் பலரும் பார்த்தீர்கள். கப்பல் காலை 11 மணிக்குப் புறப்பட வேண்டும். பத்தரை மணிக்கு, வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மாவின் துணிப்பையிலிருந்து ஒரு சிறு மண்தொட்டியை வாங்கிக் கரையிலேயே நிறுத்திவிட்டோம். அதில் ஒரு சாண் உயரத்தில் கறிவேப்பிலைக் கன்று. முன்பு ஒருமுறை போனபோது, மீன் சாறு சேர்க்காமல் இவர்களுக்கென்று தனியாகச் சமைத்துக் கொடுத்த விடுதிக்கார அம்மாவுக்குப் பரிசாகக் கொடுக்க, குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்த கன்று அது. கன்றைக் கொண்டுவந்த அம்மா கண் கலங்கிவிட்டார். காரணத்தை நிதானமாகச் சொல்ல அப்போது நேரமில்லை. அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நாங்கள் தடுத்தது கன்றை மட்டும் அல்ல, அது நின்ற மண்ணையும்தான். ஒகசவாரா தீவுகள் டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளிக் கடல் நடுவே இருக்கின்றன. நிர்வாகக் கணக்கில் அவையும் டோக்கியோதான். அங்கே ஓடும் கார்களில் டோக்கியோவின் ஷினகவா வட்டார எண் பலகையைப் பார்க்கலாம். ஆனால் அந்த நிலம் எந்தக் காலத்திலும் எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. காற்றில் பறந்து வந்ததும், கடலில் மிதந்து வந்ததும், பறவையின் காலில் ஒட்டி வந்ததும் மட்டுமே அங்கே குடியேறி, தலைமுறை தலைமுறையாக மாறி, வேறெங்கும் இல்லாத உயிர்களாகிவிட்டன. நிலத்து நத்தைகளில் மட்டும் அங்கே நூறு இனங்கள் அளவுக்கு உண்டு. பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்தத் தீவுகளுக்கே உரியவை. 1972இல் தேசியப் பூங்காவான ஒகசவாராவை 2011இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இந்தச் சிறு உயிர்கள் ஒரு பெரிய காரணம்.

இனி மண்ணுக்கு வருகிறேன். நியூகினி தட்டைப்புழு என்று ஒன்று இருக்கிறது. விரல் நீளம், கறுப்பு உடல், முதுகில் வெளிறிய ஒரு கோடு. ஈர மண்ணில் ஒளிந்திருந்து நத்தைகளைத் தின்னும். நம் கப்பல் போய்ச் சேரும் சிசிஜிமா தீவில் 1990களில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அந்தத் தீவின் பெரும்பகுதியில் சொந்த நத்தைகள் இல்லாமலே போய்விட்டன. பக்கத்தில், கப்பலில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஹஹாஜிமாவுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. அதனால்தான் ஹஹாஜிமா கப்பலில் ஏறும்போது கடல்நீரில் நனைத்த விரிப்பின் மேல் எல்லோரையும் நடக்க வைக்கிறார்கள். உப்புநீர் பட்டால் அந்தப் புழு பிழைக்காது. காட்டுப் பாதைகளின் வாசலில் தூரிகையும், துணியில் ஒட்டிய விதைகளை எடுக்கப் பசை உருளையும், செருப்படியில் தெளிக்க வினிகரும் வைத்திருப்பதும் இப்படி வெளி உயிர்கள் பரவாமல் இருக்கத்தான். ஒரு கன்றின் வேரடி மண்ணில் என்ன இருக்கிறது என்று நம்மில் யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை அங்கே இறக்கிவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஓர் உயிர் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சான்று பச்சை ஓணான். 1960களில், தீவுகள் அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தபோது, சிசிஜிமாவுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். இலை நிறத்தில், பார்க்க அழகாகத்தான் இருக்கும். பகலில் பறக்கும் பூச்சிகளில் பலவற்றைத் தின்று தீர்த்துவிட்டது. ஒகசவாராவுக்கே உரிய ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சியை 2018க்குப் பிறகு காட்டில் யாரும் பார்க்கவில்லை. டோக்கியோவில் கூண்டில் வளர்த்துக் காப்பாற்ற முயன்ற கூட்டமும் 2020இல் அழிந்துபோனது. ஓணானைக் கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவந்திருக்க மாட்டார்கள். நம் அம்மாவின் எண்ணமோ எவ்வளவு நல்லது என்பதை நாங்கள் நேரில் பார்த்தோம். அதனால்தான் இதை எழுதும்போது வருத்தமாக இருக்கிறது.

சரிசெய்ய முடிந்ததும் உண்டு. அங்கே செந்தலைக் காட்டுப்புறா என்று ஒரு பறவை. ஒரு காலத்தில் நாற்பது அளவுக்குக் குறைந்துவிட்டதாகக் கணித்தார்கள். தரையில் இரை பொறுக்கும் பறவையைக் காட்டில் திரியும் வீட்டுப்பூனைகள் எளிதாகப் பிடித்துவிடும். தீவு மக்கள் பூனைகளைக் கொல்லவில்லை. கூண்டு வைத்துப் பிடித்து, நாம் ஏறிப் போகும் அதே ஒகசவாரா மாரு கப்பலில் டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். இங்குள்ள கால்நடை மருத்துவர்கள் அவற்றைப் பழக்கி, வளர்க்க விரும்பிய வீடுகளில் சேர்த்தார்கள். புறாக்கள் மீண்டும் பெருகின. ஊர்ப்பக்கம் அந்தப் புறாவைக் கண்டால் சத்தம் போடாமல் நில்லுங்கள். மனிதரைக் கண்டு அவ்வளவாக அஞ்சாது.

பலர் கேட்கும் மற்றொன்று: மூன்று நாளில் போய்வர முடியாதா? முடியாது. அங்கே விமான நிலையம் இல்லை. கப்பலில் போக 24 மணி நேரம், வர 24 மணி நேரம். நம்மை இறக்கிவிட்ட கப்பலே பெரும்பாலும் மூன்று இரவுகள் துறைமுகத்தில் நின்று நம்மை ஏற்றிவருகிறது. ஆக மொத்தம் ஆறு நாள். இதில் நாங்கள் கூட்டியதோ குறைத்ததோ ஒன்றுமில்லை. கடுமையான நோய் வந்தால் தற்காப்புப் படையின் விமானத்தில்தான் டோக்கியோவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஆகவே இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள். கூடாரம் அடித்துத் தங்கத் தடை இருப்பதால் விடுதி உறுதியானால்தான் டிக்கெட் எடுப்போம்.

சிசிஜிமாவை அடுத்துள்ள ஆளில்லாத சிறு தீவான மினாமிஜிமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 100 பேர், ஒருவருக்கு இரண்டு மணி நேரம், 15 பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது அங்கே விதி. குளிர்கால மாதங்களில் பெரும்பாலும் மூடியிருக்கும். படகு பாறையில் முகத்தை முட்டி நிற்க, முன்பக்கத்திலிருந்து தாவி இறங்க வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். அங்குள்ள இயற்கைப் பாறை வளைவுக்கு உட்பக்கம் உள்ள மணலில், எப்போதோ அற்றுப்போன ஒரு நத்தை இனத்தின் ஓடுகள் சிதறிக் கிடக்கும். சுண்ணாம்பு போல வெளுத்து, உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒன்றே ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. சென்ற முறை ஒரு சிறுவன் குனிந்து, தொடாமல், முகத்தை மணலுக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

அடுத்த பயணத்திலிருந்து, புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை செருப்பு, ஷூ, பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நிஷி-கசாய் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். ஷூ அடியில் உள்ள பள்ளங்களையும், பைகளின் ஒட்டுப்பட்டையில் சிக்கும் புல்விதைகளையும் நாமே சேர்ந்து சுத்தம் செய்வோம். சென்ற மாதம் என் சொந்தப் பையிலேயே மூன்று விதைகள் அகப்பட்டன. புளிசாதம், எலுமிச்சைசாதம், ஊறுகாய், பருப்புப்பொடி தாராளமாகக் கொண்டுவரலாம். செடி, மண், முளைக்கக்கூடிய விதை வேண்டாம். திரும்பும்போது சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கிவர வேண்டாம். அந்தக் கிழங்கைக் கெடுக்கும் அங்குள்ள வண்டு இங்கே பரவாமல் இருக்க அரசே தடை செய்திருக்கிறது.

அந்தக் கன்று எங்கள் அலுவலக ஜன்னலோரம் பத்திரமாக இருக்கிறது. அந்த அம்மா எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். விடுதிக்கார அம்மாவிடம் செய்தியைச் சொன்னோம். அடுத்த முறை வரும்போது காயவைத்துப் பொடித்த கறிவேப்பிலை ஒரு பொட்டலம் போதும் என்று சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்
நிஷி-கசாய், டோக்கியோ