மண் உலர இடம் தந்தவருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

கோத்தகிரி வட்டாரத்துப் பெற்றோர்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளி மாணவர்கள் மாவட்ட அறிவியல் கண்காட்சியில் தங்கள் ஆய்வை வைத்துவிட்டு நேற்றிரவு ஊர் திரும்பினார்கள். ஆய்வுக்கு மண் எடுத்த மழை வாரத்தில் நடந்தவற்றை நீங்களே அறிவீர்கள் என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

சோலை எனப்படும் மலையின் இயற்கைக் காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் சீகை (வாட்டில்) மரக்காட்டிலும் மழைநீர் எவ்வளவு விரைவாக மண்ணுக்குள் இறங்குகிறது என்பதே அவர்களின் கேள்வி. நீலகிரியில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த 2009 நவம்பர் மண்சரிவைப் பற்றி வீட்டில் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்தக் கேள்வியை நான் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இருபுறமும் வெட்டிய தகர டப்பாவை மண்ணில் இறக்கி, அளந்த நீரை ஊற்றி, நேரம் குறிப்பது எளிது. ஆனால் மண்ணில் முன்பே இருந்த ஈரம் தெரியாமல் அந்த நேரங்களை ஒப்பிட முடியாது. அதற்கு மண்ணை எடைபோட்டு, உலர்த்தி, மறுபடியும் எடைபோட வேண்டும். மின்சாரமும் வெயிலும் இல்லாத வாரத்தில் அதை எங்கே உலர்த்துவது?

ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிற்சாலையில், உலர்ப்பான் அருகே இரவுப் பணியில் இருந்த பெரியவர் ஒருவர், மேலாளரிடம் தாமே அனுமதி கேட்டு, இயந்திரத்தை ஒட்டிய சூடான இடத்தில் எங்கள் டப்பாக்களை அடுக்க வைத்தார். காகிதச் சீட்டுகளில் பேனா மை ஈரத்தில் பரவுவதைக் கண்டு, தேயிலை மூட்டைகளில் எண் எழுதும் மார்க்கரால் ஒவ்வொரு டப்பாவின் மேலும் சோலை, தோட்டம், சீகை என்று அவரே எழுதிவைத்ததை மறுநாள் காலையில்தான் பார்த்தோம். அவர் எழுதியிராவிட்டால் எந்த மண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வழியிருந்திருக்காது. ஆய்வகங்களில் 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துவார்களே என்று நடுவர் கேட்டபோது, “அந்த அடுப்பு எங்களிடம் இல்லை, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தினோம்” என்று மாணவி தயங்காமல் சொன்னாள். குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருந்தார்கள். பரிசைவிட எனக்கு அந்தப் பதில் பெரிது.

“பேரெல்லாம் போடாதீங்க டீச்சரம்மா” என்று அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மாதிரிகளை ஜீப்பில் ஏற்றிவந்த ஓட்டுநருக்கும், தராசைக் கடனாகத் தந்த மளிகைக்கடைக்காரருக்கும், சேறு படிந்த சீருடைகளைப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும் எங்கள் நன்றி.

அடுத்த ஆண்டு மண் எடுக்கும் வேலையை மழைக்கு முன்பே தொடங்குவோம். கோடையிலும் ஒருமுறை அளந்தால்தான் இந்த ஒப்பீடு முழுமை பெறும். அதற்கு முன், வரும் சனிக்கிழமை பணிமுறை மாறும் நேரத்தில், தொழிற்சாலை வாசலில் வரைபடங்களை வைத்து மாணவர்கள் தங்கள் முடிவுகளைத் தொழிலாளர்களுக்கு விளக்குகிறார்கள். நீங்களும் வாருங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை