விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளின் தோலைப் பாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

குளிர்கால விடுமுறை வந்துவிட்டது, நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்தில் நாம் ஸ்வெட்டர் போடும் ஜூன், ஜூலைதான் அங்கே கோடை, உண்ணி புல் நுனியில் காத்திருக்கும் காலம். அந்த உண்ணி கடித்துத்தான் லைம் நோய் என்ற கிருமித் தொற்று வருகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்குகிறதே என்று தாய்மார்கள் விடாமல் கேட்டதால்தான் 1975இல் மருத்துவர்கள் அதை ஆராயவே தொடங்கினார்கள்.

போன முறை அங்கே போய்வந்த ஒரு சிறுமியின் முழங்காலுக்குப் பின்னால் வட்டமாக ஒரு தடிப்பு இருந்தது. படர்தாமரைதான், கிரீம் போடுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன், அது இன்னும் என் மனதை உறுத்துகிறது. அரிப்பு இல்லை, செதில் இல்லை, தொட்டால் லேசான சூடு மட்டும். அவளுடைய ஆயாதான் ராத்திரி அதன் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டார்கள். காலையில் பார்த்தால் தடிப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது! உடனே டாக்டரிடம் ஓடினார்கள், மருந்து கொடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள்.

லைம் நோயின் இந்தத் தடிப்பு, உண்ணி கடித்த 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அதாவது ஊர் திரும்பி வகுப்பு தொடங்கிய பிறகும்கூட. படங்களில் காட்டுவதுபோல நடுவில் புள்ளியும் சுற்றி வளையமுமாக இருக்க வேண்டியதில்லை, பல பிள்ளைகளுக்கு வெறும் சிவப்பாகவே பரவும், நம் கறுத்த தோலில் அந்தச் சிவப்பும் தெரியாமல் அடிபட்ட இடம்போல நிறம் மங்கித்தான் இருக்கும். அதனால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெரியவர்களுக்குக் காலில் பார்த்தால் போதும் என்று நினைப்போம், பிள்ளைகளுக்குத் தலையிலும் கழுத்திலும் அதிகம் வரும்: தலைமுடி ஓரம், காதுக்குப் பின்னால், அப்புறம் அக்குள், தொடையிடுக்கு. ஐரோப்பாவுக்குப் போய்வந்த பிள்ளைக்குக் காதுமடல் நீலச்சிவப்பாக வீங்கினாலும், யாருக்காவது ஒரு பக்க முகம் கோணினாலும் காத்திருக்க வேண்டாம்.

டாக்டரிடம் எந்த ஊருக்குப் போனீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் இங்கே யாருக்கும் லைம் நோய் ஞாபகத்துக்கு வராது. ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனை ஒன்றும் இல்லை என்று காட்டலாம், தடிப்பைப் பார்த்தே மருந்து கொடுப்பார்கள்.

சரி, வெளிநாடு போகாமல் இங்கேயே டிராகன்ஸ்பெர்க், ஷ்லுஷ்லுவே பக்கம் போகிறவர்கள்? நம் நாட்டு உண்ணிக்கடிக் காய்ச்சல் வேறு. கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு, பக்கத்தில் நெறி கட்டும், காய்ச்சல், கடும் தலைவலி. அதற்கும் டாக்டர்தான்.

உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தேதியை எழுதி வையுங்கள். சந்தேகமான தடிப்பு இருந்தால் கோடு போட்டு, படம் எடுத்து, எனக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்